கேளுங்கள், சொல்கிறேன்: ஊர்ச் சின்னங்கள்

சென்ற இதழில் லண்டன் மாநகரின் சின்னத்தைப் பற்றிப் போகிறபோக்கில் நாலு வரி எழுதினேன். அந்த நாலு வரிக்கு வந்த கடிதங்களை மேசையில் அடுக்கிவிட்டுக் காபி டம்ளர் வைக்க இடம் தேட வேண்டியதாயிற்று. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்த முறை முழுக்க ஊர்ச் சின்னங்கள்தான். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் வரலாற்றுப் பேராசிரியன் இல்லை. முப்பது வருடம் அச்சகங்களுக்குத் துத்தநாகத் தகட்டில் ஆசிட்டால் படம் அரித்து, பிளாக் என்கிற அச்சுக்கட்டை செய்து கொடுத்தவன். சின்னங்களின் மேல் ஆசை வந்ததும் அந்த ஆசிட் தொட்டியின் பக்கத்தில் நின்றுதான்.

"லண்டன் சின்னத்தில் இருக்கும் சிவப்புக் கத்தி, கலகத் தலைவன் வாட் டைலரை வெட்டிய மேயரின் குத்துவாள் என்று எழுதியிருந்தீர்கள். தேதியைச் சரிபார்த்தீர்களா?"
*ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்*

பார்க்கவில்லை. தப்புதான், ஒப்புக்கொள்கிறேன்.

வெள்ளைக் கேடயம், அதில் சிவப்புச் சிலுவை, இடது மேல் மூலையில் நிமிர்ந்து நிற்கும் சிறிய சிவப்பு வாள். இதுதான் லண்டன் சிட்டியின் சின்னம். வாட் டைலர் கொல்லப்பட்டது 1381 ஜூன் 15. மேயர் வில்லியம் வால்வொர்த் அவரை வெட்டினார் என்பது உண்மை. அந்த வீரத்தைப் பாராட்டி அரசர் கத்தியைச் சின்னத்தில் சேர்த்தார் என்பது ஊர் சொல்லும் கதை. ஆனால் அதே 1381-இல், ஏப்ரல் 17-ஆம் தேதியே மேயரின் புது முத்திரை நடைமுறைக்கு வந்துவிட்டது. அதில் இந்தக் கேடயம் வாளோடு இருக்கிறது. இரண்டு மாதம் கழித்து நடக்கப்போகும் கொலைக்கு யாரும் முன்கூட்டியே நினைவுச்சின்னம் வைக்க மாட்டார்கள். அது நகரின் காவல் புனிதரான பவுலின் வாள். வாளால் தலை வெட்டப்பட்டு இறந்தவர் என்பதால் பவுலை எப்போதும் வாளோடுதான் வரைவார்கள்.

இத்தனையும் தெரிந்த பிறகும் குத்துவாள் கதை எனக்குப் பிடித்தே இருக்கிறது. அதுதான் ஆபத்து. படம் முதலில் இருந்திருக்கிறது. அதைப் பார்த்துப் பார்த்து ஜனங்கள் கதை கட்டியிருக்கிறார்கள். நானும் அந்த ஜனங்களில் ஒருவன். கீழே வரும் பதில்களிலும் இதே சங்கதி திரும்பத் திரும்ப வரும், பாருங்கள்.

"மகள் ஆம்ஸ்டர்டாமில் இருக்கிறாள். பிரசவத்துக்குப் போயிருந்தபோது தெருவெல்லாம் இரும்புக் குத்துக்கல் மாதிரி நட்டிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் மேலிருந்து கீழாக மூன்று எக்ஸ் குறி. மருமகனிடம் கேட்டால் சிரித்து மழுப்பினார். படகில் கூட்டிப்போன வழிகாட்டியோ தீ, வெள்ளம், கொள்ளைநோய் என்று மூன்று விரலை மடக்கினார். எதை நம்புவது?"
*ஒரு பாட்டி (முதல் பேத்தி பிறந்து நாலு மாதம்)*

முதலில் பேத்திக்கு ஆசீர்வாதம்.

மருமகன் ஏன் மழுப்பினார் என்று புரிகிறது. அந்த ஊரின் ஒரு வட்டாரத்துக்கு உலகம் முழுக்க ஒரு மாதிரியான பெயர் இருப்பதால், மூன்று எக்ஸைப் பார்த்ததும் எல்லாரும் அந்தப் பக்கமாகவே யோசிக்கிறார்கள். ஆனால் அந்தக் குறி இந்தக் கெட்ட பெயருக்குப் பல நூறு ஆண்டு மூத்தது. அவை எழுத்தே இல்லை. குறுக்காகச் சாய்ந்த சிலுவைகள். இயேசுவின் சீடரான அந்திரேயாவை இப்படிப்பட்ட சாய்ந்த சிலுவையில்தான் அறைந்தார்கள் என்பது மரபு. அதனால் இதற்கு அந்திரேயா சிலுவை என்றே பெயர். அவர் மீனவர். ஆம்ஸ்டர்டாமும் முதலில் மீன்பிடிக்கும் ஊர். பொருத்தம் நன்றாகத்தான் இருக்கிறது, இல்லையா? ஆனால் அதுவும் பின்னால் யோசித்துச் சொன்ன பொருத்தம்தான்.

வழிகாட்டி சொன்ன கதையை எடுத்துக்கொள்வோம். தீ வந்தது உண்மை. 1421-லும் 1452-லும் மரவீடுகள் நிறைந்த அந்த ஊரின் பெரும்பகுதி எரிந்துபோனது. கடல் மட்டத்துக்குக் கீழே பள்ளத்தில் இருக்கும் நாட்டில் வெள்ளத்துக்குக் குறைவில்லை. கொள்ளைநோயும் பலமுறை வந்து போயிற்று. ஆனால் பட்ட துன்பங்களை எண்ணிச் சின்னத்தில் கோடு போடும் வழக்கம் எந்த ஊரிலும் இருந்ததில்லை. அக்கம்பக்கம் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஆம்ஸ்டர்டாமைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஆம்ஸ்டல்வேன், அவுடர்-ஆம்ஸ்டல் ஆகிய ஊர்ச் சின்னங்களிலும் இதே சாய்ந்த சிலுவைகள் இருக்கின்றன. அந்த ஊர்களுக்கெல்லாம் சேர்த்து வைத்தா தீயும் வெள்ளமும் வந்தது? ஒரே வட்டாரத்தில் ஒரே குறி பரவிக் கிடந்தால் அது நிலத்தை ஆண்ட ஒரு குடும்பத்தின் குறியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். 1280 முதல் 1282 வரை அந்தப் பகுதி யான் பெர்செய்ன் என்ற பிரபுவின் கையில் இருந்தது. சிலுவைகள் அவருடைய குடும்பச் சின்னத்திலிருந்து வந்தவை என்பது ஆய்வாளர்கள் பலர் சாய்கிற பக்கம். சிவப்புக் கேடயத்தின் நடுவே, வெள்ளைச் சிலுவைகளைத் தாங்கி மேலிருந்து கீழாக ஓடும் கறுப்புப் பட்டையை ஆம்ஸ்டல் ஆறு என்று சிலர் சொல்கிறார்கள்.

வெறும் இரண்டு வருடம் ஆண்டவரின் குறியை ஏழு நூற்றாண்டு சுமக்கிறார்கள் என்று யோசித்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. வீட்டுக்காரர் போய்ப் பல காலமான பிறகும் மீட்டர் பெட்டியில் அவர் பெயரே இருக்குமே, அது மாதிரி.

ஊரின் பழைய முத்திரையில் சிலுவைகளைவிடப் பெரியதாக இருப்பது ஒரு கப்பல். ஒற்றைப் பாய்மரம், உள்ளே இரண்டு ஆட்கள், கூட ஒரு நாய். புயலில் கரையொதுங்கிய மீனவனும், இளவரசனும், அவனுடைய நாயும் சேர்ந்து உண்டாக்கிய ஊர் என்று அதற்கும் ஒரு கதை தயார். நாய் எங்கே கரையேறிக் கக்கியதோ அங்கே ஊர் என்றுகூடச் சிலர் சொல்வதுண்டு.

நீங்கள் அடுத்த முறை போகும்போது கேடயத்துக்கு மேலே இருக்கும் கிரீடத்தைக் கவனியுங்கள். சிலுவைகளைவிட அதில்தான் சுவாரசியம் அதிகம். 1489-இல், பின்னாளில் புனித ரோமப் பேரரசரான மாக்சிமிலியன் கொடுத்த உரிமை அது. அவருக்கு அந்த ஊர் வியாபாரிகள் பணம் கொடுத்து உதவியிருந்தார்கள்; அவர் நன்றிக்கடனாகக் கிரீடத்தைச் சின்னத்தின் தலையில் வைத்துக்கொள்ள அனுமதித்தார். பேரரசர் கிரீடம் பதித்த சரக்குக் கப்பல் என்றால் எந்தத் துறைமுகத்திலும் மரியாதை கூடும் என்று கணக்குப் போட்டிருப்பார்கள். 1578-இல் ஊர் கத்தோலிக்கத்தை விட்டுப் புராட்டஸ்டன்ட் பக்கம் சாய்ந்தது. கத்தோலிக்கப் பேரரசரின் கிரீடத்தை மட்டும் விடவில்லை! பதினேழாம் நூற்றாண்டில் கட்டிய வெஸ்டர்கெர்க் என்ற புராட்டஸ்டன்ட் தேவாலயக் கோபுரத்தின் உச்சியிலேயே அந்தக் கிரீடம் உட்கார்ந்திருக்கிறது. வியாபாரிகள் வியாபாரிகள்தான்.

கேடயத்துக்குக் கீழே ஒரு நாடாவில் மூன்று சொற்கள் இருக்கும். வீரம், உறுதி, இரக்கம் என்று பொருள். இதற்குப் பின்னால் இருப்பது கதை இல்லை, நடந்த விஷயம். 1941 பிப்ரவரியில் ஜெர்மானியப் படையினர் ஊரின் யூத இளைஞர்களை நானூறு பேருக்குமேல் தெருவில் வளைத்துப் பிடித்துக் கொண்டுபோனார்கள். பிப்ரவரி 25-ஆம் தேதி டிராம் ஓட்டுநர்களும் துறைமுகத் தொழிலாளர்களும் வேலையை நிறுத்தினார்கள், ஊரே நின்றது. ஆக்கிரமிப்புப் படைக்கு முன்னால், யூதர்களுக்காக, துப்பாக்கி இல்லாமல் நடந்த வேலைநிறுத்தம். இரண்டு நாளில் அடித்து ஒடுக்கிவிட்டார்கள். போருக்குப் பிறகு, 1947-இல், அரசி வில்ஹெல்மினா அதை நினைவில் வைத்து இந்த மூன்று சொற்களைச் சின்னத்தில் சேர்த்தார். "மூன்று" என்று யாராவது விரல் மடக்கினால், இந்த மூன்றைச் சொல்லிக்கொடுங்கள் உங்கள் பேத்திக்கு.

"போர்வீரனுக்குக் கேடயம் சரி. ஊர் என்ன சண்டைக்கா போகிறது? ஊருக்கு எதற்குக் கேடயம்?"
*கல்லூரி மாணவர்*

நல்ல கேள்வி. ஊருக்கு முதலில் வந்தது கேடயம் இல்லை, முத்திரை.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஐரோப்பியக் குதிரைவீரர்களின் தலைக்கவசம் முகத்தை மறைக்க ஆரம்பித்தது. யார் எவர் என்று தெரிய, கேடயத்தில் பளிச்சென்று ஒரு குறி வரைந்துகொண்டார்கள். போட்டிச் சண்டைகளில் அந்தக் குறிகளைப் பார்த்து "இவர் இன்னார்" என்று உரக்கக் கூவ ஆட்கள் இருந்தார்கள். நம் கூத்தில் வரும் கட்டியக்காரன் வேலையேதான். அந்தக் கட்டியக்காரர்கள்தான் பிற்பாடு சின்னங்களுக்குச் சட்டம் வகுத்தவர்கள்.

அதே காலத்தில் ஊர்களுக்கும் ஒரு தேவை வந்தது. சந்தை நடத்தவும், வரி வசூலிக்கவும், வழக்கு விசாரிக்கவும் அரசரிடம் சாசனம் வாங்கிய ஊர்கள், தங்கள் பெயரில் ஒப்பந்தம் போட ஆரம்பித்தன. கையெழுத்து யார் போடுவது? மேயர் செத்துப்போவார், ஊர் சாகாது. ஆகவே ஊருக்கென்று ஒரு முத்திரை. மெழுகில் அழுத்தினால் ஊரே கையெழுத்திட்ட மாதிரி. அதில் ஊரைப் பார்த்ததும் புரிகிற ஒன்றை வெட்டினார்கள். மதிலும் வாயிலும் மூன்று கோபுரமும்தான் ரொம்பச் சாதாரணம். ஹாம்பர்க் இன்றுவரை அப்படியே. இல்லாவிட்டால் காவல் புனிதர். இல்லாவிட்டால் பிழைப்பு. நாளடைவில் பிரபுக்களுக்கு இருக்கும் கேடயம் நமக்கும் வேண்டும் என்ற ஆசையில், முத்திரையில் இருந்ததைத் தூக்கிக் கேடயத்துக்குள் வைத்துவிட்டார்கள்.

பாரிஸைப் பாருங்கள். சேன் ஆற்றில் படகு விடும் வியாபாரிகளின் சங்கம் ஒன்று இருந்தது. 1210-ஆம் ஆண்டு அவர்கள் முத்திரையில் ஒரு படகு. அந்தச் சங்கத்தின் தலைவரே காலப்போக்கில் ஊர் நிர்வாகத்துக்கும் தலைவரானார். சங்கத்தின் படகு ஊரின் படகாகிவிட்டது. மேலே நீலப் பட்டையில் அரசரின் லில்லி மலர்கள் ஏறின. ஆற்றுப் படகு மெல்ல மெல்லப் பாய்மரக் கப்பலாக வளர்ந்தது. கடல் என்னவோ அந்த ஊருக்குப் பக்கத்தில் வரவே இல்லை.

1790-இல் புரட்சி அரசு பிரபுக்களின் சின்னங்களை ஒழித்தபோது ஊரின் கப்பலும் போயிற்று. நெப்போலியன் 1811-இல் திருப்பிக் கொடுத்தார், ஆனால் தன் கைவரிசையோடு. லில்லிக்குப் பதில் அவருடைய தேனீக்கள் மூன்று. கப்பல் முகப்பில் எகிப்தியத் தேவி ஐசிஸ். பாரிஸ் என்ற பெயரிலேயே ஐசிஸ் ஒளிந்திருக்கிறாள் என்று அப்போது ஒரு பேச்சு இருந்தது. உண்மையில், அந்த ஆற்றோரம் வாழ்ந்த பாரிசி என்ற பழங்குடியின் பெயரிலிருந்துதான் ஊர்ப்பெயர் வந்தது. ஐசிஸுக்கும் அதற்கும் முடிச்சுப் போடுவது, நம் ஊர்ப்பெயர்களுக்கெல்லாம் தலபுராணம் எழுதுகிற மாதிரிதான். நெப்போலியன் போனதும் தேனீயும் தேவியும் போய், லில்லி திரும்பி வந்தது.

கப்பலுக்குக் கீழே இலத்தீனில் ஒரு வரி: "அலைக்கழிந்தாலும் அமிழ்வதில்லை". பழைய வரி, ஆனால் ஊர் நிர்வாகி ஹௌஸ்மான் 1853 நவம்பர் 24-இல்தான் அதை அதிகாரபூர்வமாக்கினார். 2015 நவம்பரில் பாரிஸில் பயங்கரவாதத் தாக்குதல் நடந்த சில நாளில், அந்த வரியை இளைஞர்கள் சுவர்களில் ஆளுயர எழுத்தில் எழுதினார்கள். சின்னத்தில் தூசி படிந்து கிடந்த இலத்தீன் அன்றைக்குத் தெருவுக்கு வந்தது.

"யானை உள்ள சின்னம் உண்டா?"
*ஏழாம் வகுப்பு மாணவி*

உண்டு. இங்கிலாந்தில் கவென்ட்ரி என்ற ஊர். பாதி சிவப்பு, பாதி பச்சைக் கேடயத்தில் தங்க நிற யானை. முதுகில் அம்பாரிக்குப் பதில் ஒரு கோட்டையே இருக்கும். அந்த ஊருக்குச் சாசனம் கிடைத்தது 1345-இல். அந்தக் காலத்து இங்கிலாந்தில் யானையைக் கண்ணால் பார்த்தவர்கள் மிகக் குறைவு. யானைக்கு முழங்கால் மூட்டே கிடையாது, மரத்தில் சாய்ந்துதான் தூங்கும் என்று அவர்களுடைய விலங்கு நூல்களில் எழுதி வைத்திருந்தார்கள். நீ போய் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். யானை பாம்பரக்கனை, அதாவது டிராகனை, கொல்லும் என்றும் நம்பினார்கள். பாம்பரக்கனைக் கொன்ற புனித ஜார்ஜ் பிறந்தது கவென்ட்ரியில் என்று ஒரு கதை இருந்ததால் யானையைப் பிடித்துப் போட்டார்கள் என்பார்கள். இத்தாலியில் கத்தானியா என்ற ஊருக்கும் யானைதான். அங்கே சதுக்கத்தின் நடுவில் எரிமலைக் கல்லில் செய்த கறுப்பு யானை நிற்கிறது.

"பழைய புத்தகங்களில் கறுப்பு வெள்ளையில் அச்சான கேடயங்களுக்குள் கோடு கோடாக, புள்ளி புள்ளியாக இருக்கிறதே, அது அழகுக்கா?"
*அச்சுத் தொழிலில் இருக்கும் வாசகர்*

ஐயா, இந்தக் கேள்விக்காகத்தான் நான் முப்பது வருடமாகக் காத்திருந்தேன்.

தொழிலுக்கு வந்து மூன்றாம் வருடம். ஒருவர் பழைய செதுக்கு ஓவியம் ஒன்றைக் கொண்டுவந்தார். கேடயம், நடுவில் ஒரு சிங்கம், சிங்கத்தைச் சுற்றி நெருக்கமாகச் செங்குத்துக் கோடுகள். விழா மலருக்கு லைன் பிளாக் வேண்டும் என்றார். நான் அப்போது பெரிய கெட்டிக்காரன் என்று எனக்கு நினைப்பு. இந்தக் கோடெல்லாம் மையை இழுத்துக்கொண்டு அப்பிவிடும், வெறும் நிழல்தானே என்று கோட்டையெல்லாம் எடுத்துவிட்டுச் சுத்தமாக ஒரு பிளாக் போட்டுக் கொடுத்தேன். இரண்டாயிரம் பிரதி அச்சாகி முடிந்த பிறகு அவர் வந்தார். திட்டவில்லை. மலரை விரித்து வைத்து, "தம்பி, செக்கச்செவேல்னு இருந்த கேடயத்துல வெள்ளைச் சிங்கம் நின்னுச்சு. நீங்க அதைப் பனியில கொண்டு போய் நிறுத்திட்டீங்க" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர்தான் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார்.

செங்குத்துக் கோடு என்றால் சிவப்பு. படுக்கைக் கோடு நீலம். இடது மேலிருந்து வலது கீழாகச் சாய்ந்த கோடு பச்சை. எதிர்ப்பக்கம் சாய்ந்தால் ஊதா. செங்குத்தும் படுக்கையும் கட்டம் போட்டால் கறுப்பு. புள்ளி பொன். ஒன்றுமே இல்லாமல் விட்டால் வெள்ளி, அதாவது வெள்ளை. 1638-இல் பெத்ரா சாங்தா என்ற இயேசு சபைத் துறவி வெளியிட்ட நூலால் இந்த முறை ஐரோப்பா முழுக்க நிலைத்தது. வண்ண அச்சு இல்லாத காலத்தில் வண்ணத்தைக் கோட்டால் சொன்ன அந்தச் சாமர்த்தியத்துக்கு நான் இன்றும் கும்பிடு போடுகிறேன். பாட்டியம்மா பார்த்த ஆம்ஸ்டர்டாம் சின்னத்தை இப்படி அச்சிட்டால் இரண்டு ஓரமும் செங்குத்துக் கோடு, நடுப்பட்டை கட்டம், சிலுவைகள் வெறுமை. ஒரு சொட்டு வண்ணம் இல்லாமல் முழுச் சின்னமும் வந்துவிடும்.

இன்னொன்றும் அவரிடம்தான் கற்றேன். பொன்னும் வெள்ளியும் உலோகம்; மற்றவை நிறம். உலோகத்தின் மேல் உலோகம் வரக்கூடாது, நிறத்தின் மேல் நிறம் வரக்கூடாது. தூரத்திலிருந்து பார்த்தால் தெரிய வேண்டுமே, அதற்காக. எருசலேம் அரசின் சின்னத்திலோ வெள்ளியின் மேல் பொன் சிலுவைகள். விதியை மீறியதே பெருமை என்று அதை விட்டுவைத்தார்கள்.

"ஒரே ஊரின் சின்னத்தை இரண்டு இடத்தில் இரண்டு மாதிரி வரைந்திருக்கிறார்கள். எது அசல்?"
*பெயர் எழுத மறந்த வாசகர்*

இரண்டும் அசல். கேடயச் சின்னத்துக்கு அசல் என்பது படமே இல்லை, ஒரு வருணனை. "சிவப்பில், பின்னங்காலில் நிற்கும் வெள்ளிச் சிங்கம்" என்று எழுதிவைத்திருப்பார்கள். சிங்கம் ஒல்லியா குண்டா, வால் எத்தனை சுருள் என்பதெல்லாம் வரைபவர் இஷ்டம். சிற்பிகளுக்குத் தியான சுலோகம் மாதிரி. எத்தனை கை, எந்தக் கையில் என்ன ஆயுதம் என்பது சொல்லில் இருக்கும், மற்றது உளியில்.

இந்தச் சுதந்திரத்தால் வேடிக்கையும் நடக்கும். வார்சாவின் சின்னம் இன்று வாளும் கேடயமும் ஏந்திய அழகான கடற்கன்னி. பதினான்காம் நூற்றாண்டின் கடைசியில் அதே ஊர் முத்திரையில் இருந்ததோ பறவைக் காலும் செதிலும் வைத்த ஒரு விநோதப் பிராணி. நூறு நூறு வருடமாக ஒவ்வொருவரும் கொஞ்சம் கொஞ்சம் திருத்தியதில் அரக்கன் கன்னியாகிவிட்டான். மியூனிக்கில் இதைவிட மோசம். ஊர்ப்பெயரே துறவிகள் என்ற சொல்லிலிருந்து வந்தது, முத்திரையில் துறவி. வரைந்து வரைந்து துறவி சின்னப் பையனாகி, இப்போது அக்டோபர் திருவிழா ஊர்வலத்தில் அந்த வேஷத்தில் குதிரை மேல் வருவது ஒரு இளம்பெண்.

"பெர்லினுக்கும் கரடிக்கும் என்ன உறவு?"
*ஒரு வாசகி*

சிலேடை உறவு. ஜெர்மன் மொழியில் கரடிக்கு 'பேர்' என்று பெயர். பெர்லின், பேர்... காதில் ஒத்துப்போகிறதா? அவ்வளவுதான். ஊர்ப்பெயர் சதுப்புநிலத்தைக் குறிக்கும் பழைய ஸ்லாவியச் சொல்லிலிருந்து வந்தது என்கிறார்கள் மொழியறிஞர்கள். 1280-ஆம் ஆண்டு முத்திரையில் இரண்டு கரடிகள் வந்துவிட்டன. பிறகு சதுப்பு எங்கே எடுபடும்?

இப்படிப் பெயரைப் படமாக்குவது எங்கும் உண்டு. ஸ்பெயினில் கிரனாடா என்றால் மாதுளை, சின்னத்திலும் மாதுளை. ஆக்ஸ்ஃபோர்டு என்றால் மாட்டுத்துறை. ஒரு காளை ஆற்றில் இறங்கிக் கடக்கிறது. எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது இந்த ஆக்ஸ்ஃபோர்டு காளைதான். எத்தனை அறிவாளிகள் வந்து போன ஊர்! சின்னத்தில் ஒரு புத்தகம்கூட இல்லாமல், நனைந்த காலோடு ஒரு மாடு.

"வில், புலி, கயல் நம்மிடம் சங்க காலத்திலிருந்தே இருக்கிறதே. நாம்தானே முன்னோடி?"
*தமிழ் ஆர்வலர்*

காலத்தால் முந்தியது, மறுக்கவில்லை. ஆனால் அவை அரசகுலத்தின் பொறிகள். ஊருக்கு உரியவை அல்ல. கொடியில் பறந்தன, காசில் வந்தன, செப்பேட்டை இணைக்கும் வளையத்தின் முத்திரையில் இருந்தன. முன்னோடி யார் என்ற பட்டிமன்றத்தைவிட எனக்குச் சுவையாகத் தெரிவது வேறு. இராசேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டு முத்திரையைப் பாருங்கள். குடைக்குக் கீழே சோழப் புலி. அதன் பக்கத்திலேயே பாண்டியரின் இரட்டைக் கயல். சேரரின் வில்லும் உண்டு. தோற்றவர்களின் சின்னத்தைத் தன் முத்திரைக்குள் அடக்கியிருக்கிறார்கள்.

இங்கிலாந்து அரசர்கள் செய்ததும் இதுவேதான். பிரான்ஸ் தங்களுக்கே உரியது என்று சொல்லி 1340-இல் மூன்றாம் எட்வர்ட் பிரெஞ்சு லில்லியைத் தன் கேடயத்தில் சேர்த்தார். பிரான்ஸில் அவர்களுக்கு மிச்சமிருந்த கலே துறைமுகமும் 1558-இல் கைவிட்டுப் போனது. லில்லியை மட்டும் 1801 வரை விடவில்லை. நாடு போன பிறகும் பட்டத்தை விடாத நம் சிற்றரசர்கள் கதைதான்.

இந்தியாவில் கட்டியக்காரர் சட்டப்படியான ஊர்ச் சின்னம் வெள்ளையர் காலத்தில் வந்தது. கல்கத்தாவுக்கு 1896-இல் கொடுத்தார்கள். கேடயத்தின் இரண்டு பக்கமும் தாங்கி நிற்பவை சிங்கமும் இல்லை, மயிலும் இல்லை. அட்ஜூடண்ட் என்று சிப்பாய் நடையால் பெயர் வாங்கிய பெரிய வழுக்கைத்தலை நாரைகள், வாயில் பாம்போடு. அந்தக் காலத்தில் கல்கத்தாத் தெருக் குப்பையையும் செத்த பிராணிகளையும் தின்று சுத்தம் செய்தவை அவைதான். துப்புரவுப் பணியாளருக்கு நகராட்சி கொடுத்த முதல் மரியாதை என்று நான் வைத்துக்கொள்கிறேன். அழகில்லாத பறவையை வரைந்தவருக்குத் தைரியம் இருந்திருக்க வேண்டும்.

"லண்டனில் ஒரு கடையில் எங்கள் குடும்பப் பெயரைச் சொன்னதும் 'இதுதான் உங்கள் குடும்பச் சின்னம்' என்று கோப்பையில் அச்சடித்துக் கொடுத்தார்கள். உண்மையா?"

கோப்பை உண்மை. ஆங்கிலேய மரபில் சின்னம் ஒரு ஆளுக்கும் அவர் வாரிசுக்கும் கொடுக்கப்படுவது; ஒரே பெயர் உள்ள எல்லாருக்கும் பொதுச் சின்னம் என்று ஒன்று கிடையாது. அதைக் கொடுக்கும் அதிகாரம் உள்ள கட்டியக்காரர் கல்லூரி 1484-லிருந்து லண்டனில் இருக்கிறது. கோப்பையில் காபி நன்றாக இருந்தால் சரி.

"என் பையனுக்குப் பள்ளியில் 'கற்பனை ஊருக்குச் சின்னம் வரை' என்று வீட்டுப்பாடம். அவன் ஒரே கேடயத்தில் மலை, ஆறு, பள்ளிக்கூடம், கம்ப்யூட்டர், புறா, புத்தகம் எல்லாம் வைத்து ஊர்ப்பெயரையும் எழுதியிருக்கிறான். மார்க் கிடைக்குமா?"
*ஒரு தாய்*

மார்க் கிடைக்கும். சின்னம் கிடைக்காது.

ஊர்ப்பெயரை முதலில் அழிக்கச் சொல்லுங்கள். பெயரை எழுதிக் காட்ட வேண்டியிருந்தால் படம் எதற்கு? அப்புறம் அந்த ஆறு பொருளில் ஐந்தை எடுத்துவிட வேண்டும். அழுவான். எந்த ஒன்று மிஞ்ச வேண்டும் என்று அவனே முடிவு செய்யட்டும். மிஞ்சியதைக் கேடயத்தின் விளிம்பு தொடுகிற அளவுக்குப் பெரிதாக வரையட்டும். இரண்டு வண்ணம், மிஞ்சினால் மூன்று. அதில் ஒன்று மஞ்சளாகவோ வெள்ளையாகவோ இருக்கட்டும். வரைந்ததைச் சுவரில் ஒட்டிவிட்டு எதிர்ச் சுவரோரம் போய் நின்று, ஒரு கண்ணை மூடிப் பார்க்கச் சொல்லுங்கள். ஃபின்லாந்தில் இப்படிக் கண்டிப்பாக இருந்து, கேடயத்தைப் பிரிக்கும் கோட்டையே ஊசியிலை மர நுனி வடிவில் வளைத்தார்கள். ஒரு மரம்கூட வரையாமல் காடு வந்துவிட்டது.

புறாவையே வைத்துக்கொண்டானானால் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள். கோட்டிலேயே வண்ணம் காட்டி, கையால் ஒரு பிளாக் போட்டுத் தருகிறேன். ஆசிட் தொட்டி இன்னும் மாடியில்தான் இருக்கிறது.